டாலர் பிறந்த ஊரும் நம் பிள்ளைகளின் வகுப்பறையும்

டாலர் என்ற சொல்லை உச்சரிக்காத வியாபாரி மும்பையில் இல்லை. அச்சொல்லின் தாயூர் யோவாகிம்ஸ்தால்; இன்றைய செக் நாட்டில் உள்ள மலையூர். 1500களில் அவ்வூர் வெள்ளியில் அடித்த காசு 'தாலர்' எனப்பட்டு, பின் டாலர் ஆயிற்று. நாற்பது வருஷமாகத் தராசு பிடிக்கிற நான் இந்தக் காசின் கதையைத் தேடப் போய்த்தான் ரேடான் என்னும் வாயுவின் கதையைக் கண்டேன்.

அம்மலைத்தொடரின் சுரங்கத் தொழிலாளிகள் இளவயதிலேயே நெஞ்சு நோயால் மாண்டார்கள். பக்கத்து ஷ்னீபெர்க் சுரங்கத்தாருக்கு வந்தது நுரையீரல் புற்று என்று 1879இல் இரு மருத்துவர்கள் கண்டு சொன்னார்கள். 1900இல் டோர்ன் என்ற ஜெர்மானியர், ரேடியத்திலிருந்து ஒரு வாயு கிளம்புவதைக் கண்டார். நிறமில்லை, மணமில்லை. மண்ணிலுள்ள யுரேனியம் சிதைந்து உண்டாகித் தரை வெடிப்பு வழியே அறைக்குள் ஏறும். 3.8 நாளில் பாதி அழியும். அப்போது பிறக்கும் துகள்கள் தூசியில் ஒட்டி நுரையீரலில் தங்கும்.

சுரங்கத்துச் சங்கதி பள்ளிக்கு எப்படி வந்தது என்பீர்கள். அமெரிக்க அரசு 1993இல் வெளியிட்ட கணக்கில், ஏறத்தாழ ஐந்தில் ஒரு பள்ளியில் ஓர் அறையிலாவது ரேடான் வரம்பு மீறியிருந்தது. கனமீட்டருக்கு 100 பெக்கரல் நல்லது, 300ஐத் தாண்டக்கூடாது என்றது உலக சுகாதார நிறுவனம், 2009இல்.

நமக்கென்ன? மும்பையின் அடியில் இருப்பது எரிமலைக் குழம்பு உறைந்த பாறை. அதில் யுரேனியம் குறைவு. ஆனால் தாராவியிலும் செம்பூரிலும் உள்ள நம்மவரில் பலருக்குப் பூர்வீகம் தென்கோடிச் சீமை. அங்கே மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் மோனசைட் மணல் இருப்பதை 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் கண்டார். காஸ் விளக்கு மாண்டிலுக்கு வேண்டிய தோரியம் அதில் உண்டு. தோரியம் தருவது ரேடானின் தம்பியான தோரான். அதன் பாதி ஆயுள் 55 வினாடிதான்; ஆகவே சுவரையும் தரையையும் ஒட்டியே நிற்கும்.

பயமுறுத்துவது என் நோக்கமல்ல. கேரளத்துக் கருநாகப்பள்ளியில் சுமார் 70,000 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு, மணலின் கதிர்வீச்சால் புற்று கூடியதாகக் காணவில்லை என்று 2009இல் அறிவித்தது. ஆனால் அது உடலுக்கு வெளியிலிருந்து படும் கதிர்வீச்சின் கணக்கு. மூடிய அறைக்குள் மூச்சில் போகும் வாயுவுக்குத் தனிக் கணக்கு வேண்டும். அதை அறை அறையாகத்தான் எடுக்க முடியும்.

எடுக்கும் முறை எளிது. சின்னக் கிண்ணத்துக்குள் ஒரு பிளாஸ்டிக் படலத்தை வெச்சு மூன்று மாதம் தொங்கவிட வேண்டும். ஆல்பா துகள் பட்ட இடத்தில் வடு விழும். காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறவைத்தால் வடு பெரிதாகும், எண்ணிவிடலாம், அவ்வளவுதான். ரேடானையும் தோரானையும் பிரித்துக் காட்டும் இரட்டைக் கிண்ணத்தை உருவாக்கியவர்கள் நம் செம்பூருக்கு அடுத்த டிராம்பே பாபா அணு ஆராய்ச்சி மையத்தார். மூன்று மாதம் ஏன்? ஒரு நாள் விற்பனையை வெச்சு வருஷக் கணக்கு எழுதுவோமா? சன்னல் மூடிய விடுமுறை நாளில் ஏறும் வாயு, திறந்த நாளில் இறங்கும்.

நம்மில் பலர் சொந்த ஊர்ப் பள்ளிக்கு வகுப்பறை கட்டப் பணம் அனுப்புகிறோம். பலகைக்கும் பெஞ்சுக்கும் எழுதுகிற பட்டியலில் இந்த அளவைச் செலவையும் ஒரு வரி சேர்க்க வேண்டுகிறேன். அளவு மிகுந்தால் வைத்தியம் இருக்கிறது: தரை வெடிப்பை அடைத்து, காற்றோட்டத்தைக் கூட்டினால் இறங்கும். அளக்காமல் பயப்படுவதும், அளக்காமல் சும்மா இருப்பதும் இரண்டுமே வியாபாரிக்கு நஷ்டம்.