டிராம் தொழிலாளர் தந்த பாடம்

கொழும்பு மாநகரின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் தேசாதிபதிகளின் பெயர்களையும் மாளிகைகளின் அழகையும் எழுதி நிறைவடைந்துவிட்டனர். 1899 ஆம் ஆண்டில் இந்நகரில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியதை அவர்கள் மறவாமல் குறிப்பிடுவர். கோட்டையிலிருந்து ஒரு பாதை கிராண்ட்பாசுக்கும், மற்றொன்று மருதானை வழியே பொரளைக்கும் சென்றது என்பதையும் சொல்வர். ஆனால், அந்த வண்டியை ஓட்டிய மனிதன் நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் உழைத்தான்? அவன் கைக்கு வந்த கூலி என்ன? அவனது வேலை நேரத்தை வகுத்தவர் யார்? இக்கேள்விகளை எழுப்பும் நூல்கள் மிகச் சிலவே. வரலாறு என்பது பயணம் செய்தோரின் கதை மட்டுமன்று. பயணத்தை நடத்தியோரின் கதையுமாகும் என்பது நமது கொள்கை.

இலங்கையின் தொழிலாளர் போராட்டங்களில் போக்குவரத்துத் தொழிலாளர் தொடக்கத்திலிருந்தே முன்னணியில் நின்றனர். 1906 இல் கொழும்பின் மாட்டுவண்டிக்காரர், மாநகரசபையின் புதிய விதியொன்றை எதிர்த்து ஆயிரக்கணக்கில் வேலையை நிறுத்தினர். 1912 இல் ரயில்வேத் தொழிலாளர் கிளர்ந்தனர். 1923 இல் பொது வேலைநிறுத்தமும், 1927 இல் துறைமுகத் தொழிலாளரின் வேலைநிறுத்தமும் நிகழ்ந்தன. இதற்குக் காரணம் தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. மலைநாட்டில் விளைந்த தேயிலை துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தாலன்றி ஏகாதிபத்தியத்துக்கு இலாபம் இல்லை. கொட்டாஞ்சேனைத் தெருவில் ஒரு வண்டி நின்றால் லண்டனில் ஒரு கணக்கேட்டின் பக்கம் வெறுமையாகும். தன் கை ஓய்ந்தால் நகரமே ஓயும் என்பதைத் தொழிலாளன் கண்டுகொண்ட இடம் போக்குவரத்துத் துறையே.

1929 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் டிராம் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தம் இவ்வுண்மையை நாடறியச் செய்தது. டிராம் சேவை அப்போது பூஸ்டெட் சகோதரர் என்னும் ஆங்கில நிறுவனத்தின் உடைமை. தொழிலாளருக்குத் தலைமை தாங்கியவர் ஏ. ஈ. குணசிங்க. நகர மக்கள் இதனை ஒரு நிறுவனத்தின் உள்வீட்டுச் சச்சரவாகக் கருதவில்லை. தமது வழக்காகவே ஏற்றுக்கொண்டனர். பெப்ரவரி 5 ஆம் நாள் மருதானையில் கூட்டம் பொங்கியெழுந்தது, பொலிஸ் நிலையம் தாக்கப்பட்டது, பொலிஸார் துப்பாக்கிப் பிரயோகம் செய்தனர், உயிர்கள் பறிபோயின. பொரளைக்குச் சென்ற அந்தப் பாதையிலேதான் தொழிலாளரின் இரத்தம் சிந்திற்று.

அந்த இரத்தம் வீண்போகவில்லை. தொழிலாளரின் சக்தியைக் கண்டு அஞ்சிய முதலாளிமார் அதே ஆண்டில் இலங்கை முதலாளிமார் சம்மேளனத்தை அமைத்தனர். அந்தச் சம்மேளனமே, 1929 ஜூன் மாதத்தில், குணசிங்கவின் தொழிற்சங்கக் காங்கிரசுடன் ஒப்பந்தம் செய்துகொள்ள நேர்ந்தது. இந்நாட்டின் முதலாவது கூட்டு ஒப்பந்தம் அதுவே. அதுவரை தொழிலாளன் தனியே நின்று கெஞ்சினான். அதன்பின் சங்கம் எதிரே அமர்ந்து பேசிற்று.

ஆயினும் இவ்வெற்றியின் பின்கதை கசப்பானது. 1930 களின் பொருளாதார மந்தம் வேலையின்மையைக் கொண்டுவந்தது. முதலாளியின் மீது திரும்பியிருக்க வேண்டிய கோபம் அயல்மொழி பேசிய சக தொழிலாளன் மீது திருப்பிவிடப்பட்டது. 1929 இல் உழைப்போரை ஒன்றுதிரட்டிய அதே குணசிங்க மலையாளிகளுக்கு எதிரான கிளர்ச்சியில் இறங்கினார். 1933 இல் வெள்ளவத்தை நெசவாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது அவர் அதற்கு எதிராக நின்றார். அத்தொழிலாளரின் பக்கம் நின்றவர்களோ, பின்னர் 1935 இல் சமசமாஜக் கட்சியை நிறுவிய கொல்வின் ஆர். டி சில்வா முதலிய இளைஞர்கள். கூலியுயர்வு கேட்ட கைகளை இனத்தின் பெயரால் பிரித்துவிட்டால், இரு கைகளுக்கும் கூலி குறையும். இந்நாடு இப்பாடத்தை மிகப் பெரிய விலை கொடுத்துப் படித்தது. இன்னும் படித்து முடிக்கவில்லை.

டிராம் வண்டிக்குப் போட்டியாக வந்தது பஸ். பாதையைப் பிடிக்கவும் பயணியைப் பிடிக்கவும் உரிமையாளர் ஒருவரோடொருவர் மோதினர். 1942 ஆம் ஆண்டின் பஸ் அனுமதிச் சட்டம் இப்போட்டியைக் கம்பனிகளின் ஏகபோகமாக மாற்றியது. 1941 ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் மோட்டார்ப் போக்குவரத்துத் தொழிலுக்கும் சம்பளச் சபை அமைந்தது. சாரதியின் கூலிக்கு ஒரு கீழெல்லை கிடைத்தது. 1958 ஜனவரி முதலாந் திகதி பஸ் சேவை தேசியமயமாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை பிறந்தது. அதே ஆண்டில் ஊழியர் சேமலாப நிதிச் சட்டமும் வந்தது. போக்குவரத்துச் சபை குறைபாடற்றதன்று. கட்சிக்காரருக்கு வேலை வழங்கும் சத்திரமாகவும் அது ஆக்கப்பட்டது. எனினும், பஸ்ஸில் ஏறிய தலைகளின் எண்ணிக்கைக்கும் சாரதியின் சம்பளத்துக்கும் இடையிலிருந்த முடிச்சை அது அறுத்தது. இதன் பெருமையை நாம் குறைத்து மதிப்பிடலாகாது.

1979 இல் தனியார் பஸ்கள் மீண்டும் அனுமதிக்கப்பட்டபோது அந்த முடிச்சு மறுபடியும் விழுந்தது. நாள் முடிவில் உரிமையாளருக்குச் சேர வேண்டிய தொகை முதலில் நிற்கிறது. எரிபொருட் செலவு அடுத்து நிற்கிறது. மிஞ்சுவதுதான் சாரதிக்கும் நடத்துநருக்கும். ஆகவே பொரளைச் சந்தியில் பஸ் ஆள் நிரம்பும்வரை நகர மறுக்கிறது. நகர்ந்தபின் முன்னே செல்லும் பஸ்ஸை முந்தப் பாய்கிறது. பயணி சாரதியைத் திட்டுகிறான். ஆனால் அந்த வேகத்தை உண்டாக்குவது சாரதியின் குணமா, அவனுக்குக் கூலி வழங்கப்படும் முறையா? நடைக்கு இவ்வளவு என்று கூலி பெறும் லொறிச் சாரதியின் நிலையும் இதுவே. துறைமுக வாயிலில் வரிசையில் காத்திருக்கும் நேரம் அவனுடைய நட்டம். அந்த நட்டத்தை அவன் இரவுத் தூக்கத்தைக் கொடுத்து ஈடுசெய்கிறான்.

வேறு வழியில்லை என்போர் அயல்நாட்டைப் பார்க்கட்டும். இந்தியாவின் மோட்டார்ப் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961 இலேயே நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று பொதுவான வரம்பு கட்டிற்று. தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் உழைப்பதற்குமுன் அரைமணி ஓய்வு தரவேண்டும் என்றது. சர்வதேசத் தொழில் நிறுவனம் 1939 இலேயே வீதிப் போக்குவரத்துத் தொழிலாளரின் வேலைநேரத்துக்கும் ஓய்வுக்கும் ஓர் உடன்படிக்கை வகுத்தது. சட்டம் எழுதிய இடமெல்லாம் அது நடைமுறையில் வாழ்கிறது என்று நாம் சொல்லவில்லை. தமிழ்நாட்டு லொறிச் சாரதியைக் கேட்டால் அவன் வேறு கதை சொல்வான். சட்டத்தை நடக்கச் செய்வது சங்கம். சங்கம் இல்லாத இடத்தில் சட்டம் காகிதமே.

சாரதியோ சிதறிக் கிடக்கிறான். ஆலைத் தொழிலாளர் ஒரு கூரையின் கீழ்க் கூடுகின்றனர். ஒரு பஸ்ஸையோ இரண்டு லொறிகளையோ வைத்திருக்கும் உரிமையாளரிடம் வேலை செய்வோருக்கு அந்தக் கூரையும் இல்லை. டிராம் தொழிலாளருக்கு எதிரே நின்றது ஒரே நிறுவனம். இன்றைய சாரதிக்கு எதிரே நிற்பதோ ஆயிரம் சிறு முதலாளிகள். ஆகவே 1929 இன் வழியை அப்படியே பின்பற்ற முடியாது. நிலையான மாதச் சம்பளம், வரையறுத்த வேலைநேரம், காத்திருக்கும் நேரத்துக்கும் கூலி, சேமலாப நிதி ஆகியவற்றை வீதி அனுமதிப்பத்திரத்தின் நிபந்தனைகளாக்கும்படி அரசைக் கேட்பதே இன்றைய வழி. அனுமதியை வழங்குவது அரசு. ஆதலால் நிபந்தனை விதிக்கும் கடமையும் அரசினுடையது. இக்கோரிக்கை சாரதியின் தனிக் கோரிக்கையன்று. அவன் ஓட்டும் பஸ்ஸில் நமது மாணவர் பயணம் செய்கின்றனர்.