கணக்குக் கேட்ட பங்குதாரர்

மலாக்கா நகரிலே செந்நிற மாளிகை ஒன்று இன்றும் நிற்கக் காண்கிறோம். அதனைக் கட்டியது ஓர் அரசன்று. ஒரு வாணிகக் கம்பெனி. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி எனப்படும் அதற்குப் பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும்கூடக் கோட்டைகள் இருந்தன. கோட்டை கட்டவும் போர் நடத்தவும் பணம் கொடுத்தவர் யார்? அவர்கள் அதற்கு மனமொப்பினரா?

1602 மார்ச் 20-இல் டச்சு நாட்டுப் பேரவை இக்கம்பெனிக்கு 21 ஆண்டுப் பட்டயம் வழங்கிற்று. மூலதனம் சுமார் 64 இலட்சம் கில்டர். ஆம்ஸ்டர்டாமில் மட்டும் 1,100 பேருக்கு மேல் பணம் இட்டனர். அவர்களுள் வீட்டு வேலைக்காரியும் ஒருத்தி. பத்தாண்டு கழித்துக் கணக்குக் காட்டப்படும், விரும்புவோர் முதலைத் திரும்பப் பெறலாம் என்பது பட்டய விதி.

ஆனால், பணம் போர்ச்சுக்கீசியரோடு பொருவதிலேயே செலவாயிற்று. பெரும்பங்குதாரரான ஐசக் லெ மேர் 1609-இல் அரசினரிடம் முறையிட்டார். அவர் நோக்கமும் தூயதன்று. கையில் இல்லாத பங்குகளை விற்று விலையைச் சரிக்க முயன்ற கூட்டத்தின் தலைவர் அவரே. எனினும் குறை பொய்யன்று. 1610-இல் கிடைத்த முதல் ஆதாயம் பெரும்பாலும் சாதிபத்திரியாகவும் மிளகாகவுமே வந்தது; பெற்றவரே அதை விற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று! 1612-இல் காட்ட வேண்டிய கணக்கும் காட்டப்படவில்லை, பேரவையே விலக்களித்துவிட்டது. பணம் வேண்டியவர் தம் பங்கைப் பிறர்க்கு விற்பதொன்றே வழி.

பட்டயம் முடியவிருந்த 1622-இல் பூசல் முற்றியது; துண்டு நூல்கள் பல வெளிவந்தன. கப்பல் சித்தஞ்செய்யும் செலவிலும் இயக்குநர்க்கு நூற்றுக்கு ஒரு பங்கு தரகு உண்டு. ஆதலின் செலவு பெருகினால் அவர்க்கு ஊதியம், எமக்கு நட்டம் என்றனர் பங்குதாரர். கணக்கை வெளியிட்டால் பகைவர் அறிவர். கோட்டையும் கப்பலும் நிலைத்த முதலின்றி நில்லா என்றனர் இயக்குநர்.

இருதிறத்தார் கூற்றிலும் உண்மை உண்டு. புதிய பட்டயம் இயக்குநர் பதவிக்கு மூன்றாண்டு வரையறை விதித்தது. பெரும்பங்குதாரர் ஒன்பதின்மரை மேற்பார்வைக்கு அமர்த்தியது. ஆயினும் அவ்வொன்பதின்மரும் இரகசியம் காக்க உறுதிமொழி கொடுத்தவர்கள். ஏனையோர்க்குக் கதவு திறக்கவில்லை.

திருப்பித் தரப்படாத அம்முதலே 1641-இல் மலாக்காவைக் கைப்பற்றும் வலிமையைத் தந்தது. மறைக்கப்பட்ட கணக்கோ இறுதிவரை மறைந்தே இருந்தது. 1799-இல் பெருங்கடனோடு கம்பெனி முடிவுற்றது. நெடுநாள் வாழ முதல் நிலைத்திருக்க வேண்டும். முதலை நிலைக்க விட்டவர்க்குக் கணக்குக் கேட்கும் உரிமையும் நிலைத்திருக்க வேண்டும் என்பதே இவ்வரலாறு தரும் பாடம்.