துப்பாக்கிக் கட்டைக்குள் ஒரு சின்னக் கதவு

நம் கல்லூரி என்.சி.சி.யில் இருந்தவர்களுக்கு 'சிந்தி' என்ற சொல் மறந்திருக்காது. பெரிய சொல் ஒன்றுமில்லை. இந்தியில் கந்தல் துணி, அவ்வளவுதான். ஸாவ்தான், விஸ்ராம் என்று மைதானத்தில் நாம் கற்ற இந்தியில் அதுவும் சேர்ந்து வந்தது. மலருக்கு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று சங்கத்தில் கேட்டார்கள். மலைக்கோட்டையைப் பற்றியும் கர்நாடகப் போர்களைப் பற்றியும் எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் நம்மில் பலர் உண்டு. அந்தக் கந்தல் துணி குடியிருந்த இடத்தைப் பற்றி யாரும் எழுதக் காணோம். அதனால் அதை எடுத்துக்கொண்டேன்.

என்.சி.சி. சட்டம் 1948-இல் வந்தது. சீனப் போருக்குப் பின் 1963 முதல் கல்லூரி மாணவர்களுக்கு அது கட்டாயமாக இருந்தது. 1968-இல் அந்தக் கட்டாயம் போயிற்று. நான் சேர்ந்தது அதற்குப் பிறகு, எழுபதுகளின் நடுவில், மண்ணச்சநல்லூரிலிருந்து பஸ் பிடித்து வந்து படித்த நாட்களில். எங்கள் கைக்கு வந்தது .303 லீ-என்ஃபீல்டு ரைஃபிள். கிட்டத்தட்ட நாலு கிலோ கனம். 1907-இல் பிரிட்டிஷ் ராணுவம் ஏற்றுக்கொண்ட மார்க் 3 மாடல் அது. கல்கத்தா பக்கத்தில் இச்சாபூர் தொழிற்சாலையில் இந்தியாவிலேயே ஆயிரக்கணக்கில் செய்தார்கள். இரண்டு உலகப் போர்களில் தமிழ்ச் சிப்பாய்களும் சுமந்த துப்பாக்கி.

அதன் பின்கட்டையின் முனையில், தோளில் வைத்து அழுத்தும் இடத்தில், பித்தளைத் தகடு ஒன்று இருக்கும். அந்தத் தகட்டில் ஒரு சின்னக் கதவு. நகத்தால் நெம்பினால் திறக்கும். உள்ளே ஆழமான துளை. இந்தத் துளை சாமான் வைப்பதற்கென்றே குடைந்தது அல்ல என்பதுதான் வேடிக்கை. லீ-என்ஃபீல்டில் பின்கட்டை தனி, முன்கட்டை தனி. பின்கட்டையை இரும்புப் பகுதியோடு இறுக்குவது மரத்துக்குள்ளேயே நீளவாக்கில் போகும் ஒரு பெரிய போல்ட். அதை முடுக்க நீண்ட திருப்புளி உள்ளே போயாக வேண்டும். அதற்காகத் துளை. போல்ட்டின் தலைக்குப் பின்னால் மிச்சமிருந்த வெற்றிடத்தை யாரோ ஒரு புத்திசாலி வீணாக்கவில்லை. இடையில் ஒரு தோல் வில்லையை வைத்து, இந்தப் பக்கம் சிப்பாயின் சாமானுக்கு இடம் கொடுத்துவிட்டான்.

(இன்றைய மாணவர்களில் யாருக்காவது பழைய மார்க் 3 கையில் கிடைத்தால் அந்த போல்ட்டைத் திருகிப் பார்க்க வேண்டாம். முன்கட்டையைக் கழற்றாமல் திருகினால் போல்ட்டின் சதுர முனை முன்கட்டை மரத்தைப் பிளந்துவிடும்.)

சாமான் இரண்டே இரண்டு. ஒன்று பித்தளை எண்ணெய்க் குப்பி. திருகு மூடியோடு ஒரு குட்டிக் கரண்டி ஒட்டியிருக்கும், நம் வீட்டு மருந்துக் குப்பிக் கரண்டியைவிடச் சின்னது. இன்னொன்று 'புல்-த்ரூ'. கயிற்றின் ஒரு நுனியில் பித்தளைக் குண்டு, மறு நுனியில் துணியைக் கோக்க வளையங்கள். குப்பி முதலில் உள்ளே போகும். கயிற்றைச் சுருட்டி அதன்மேல் வைத்துக் கதவை மூடினால் ஆயிற்று. சிந்தியின் அளவுகூடக் கணக்கு: பேரலை உலரத் துடைக்க 4 அங்குலத்துக்கு 2 அங்குலம், எண்ணெய் பூச 4-க்கு ஒன்றரை. எண்ணெய்த் துணி கொஞ்சம் தளர்வாகப் போனால்தான் உள்ளே எண்ணெய் படியும், இறுக்கமாகப் போனால் பூசியதையே அது வழித்துக்கொண்டு வந்துவிடும்.

போல்ட்டை உருவிவிட்டுப் பின்பக்கத்திலிருந்து குண்டைப் போட வேண்டும். அது 25 அங்குலப் பேரலுக்குள் இறங்கி வாய் வழியாக வெளியே வரும். பிறகு ஒரே இழுப்பு. கோணலாக இழுக்கக் கூடாது. அப்படி இழுத்தால் கயிறு வாய் விளிம்பில் உரசி, கிணற்று விளிம்பில் தாம்புக்கயிறு பள்ளம் பறிப்பதுபோல நாளடைவில் பள்ளம் விழும். குண்டு கடைசியாக விட்டுப் போகும் இடம் அந்த விளிம்புதான். அது கெட்டால் குறி கெட்டது. எங்கள் ஹவில்தார் மதராஸ் ரெஜிமெண்டுக்காரர். "தம்பி, நீ சாப்பிட்டியா இல்லையான்னு ஒருத்தனும் கேக்க மாட்டான். பேரல்ல தூசி இருந்தா எல்லாரும் கேப்பான்" என்பார். நாங்கள் சிரிப்போம். ஆனால் துடைப்போம்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு? அந்தக் காலத்து .303 தோட்டாவின் தீமூட்டியில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. வெடித்த பிறகு அது பேரலுக்குள் ஒருவகை உப்பாகப் படியும். ஐப்பசி மாதத்தில் அடுக்களை உப்பு ஜாடி கசிவதைப் பார்த்தவர்களுக்கு மேலே சொல்லத் தேவையில்லை. அந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும், ஓரிரு நாளில் இரும்பு துருப்பிடிக்கும். எண்ணெய் உப்பைக் கரைக்காது. அதனால் கொதிநீர் ஊற்றிக் கழுவி, உலரத் துடைத்து, அதன் பிறகே எண்ணெய். சுட்டவனே, சுட்ட அன்றே செய்ய வேண்டிய வேலை. மருந்தும் துணியும் பின்னால் வரும் வண்டியில் இருந்து என்ன பயன்? எங்கள் ஊர் அரிசி ஆலைகளில் எண்ணெய்க் கேனும் வேஸ்ட்டும் எஞ்சினுக்குப் பக்கத்திலேயே இருக்கும். ஆபீஸ் அறையில் இருந்தால் யாரும் எழுந்து போய் எடுத்துவர மாட்டார்கள். அதே கணக்குதான் இதுவும்.

யோசனை பழையதுதான். 1800-இல் வந்த பிரிட்டிஷ் பேக்கர் ரைஃபிளின் கட்டையிலேயே பித்தளை மூடி போட்ட பெட்டி உண்டு. ஆனால் இதன் அருமை முழுதாகத் தெரிந்தது, அது இல்லாமல் போன ஒரு இடத்தில். வியத்நாம் போரில் அமெரிக்கா புதிய எம்-16 ரைஃபிளைக் கொடுத்தது. நவீனமானது, அதிகம் துடைக்கத் தேவையில்லை என்ற பேச்சு பரவியிருந்தது. பலருக்குத் துடைக்கும் சாமானே வந்து சேரவில்லை. கட்டைக்குள் அதற்கு இடமும் இல்லை. போதாக்குறைக்குத் தோட்டாவின் மருந்தை வேறு மாற்றியிருந்தார்கள், தோட்டா உட்காரும் அறைக்குக் குரோமியப் பூச்சும் கிடையாது. சண்டையின் நடுவில் துப்பாக்கிகள் அடைத்துக்கொண்டன. அடைத்த துப்பாக்கியைப் பிரித்தபடியே செத்துக் கிடந்த பையன்களைப் பற்றிச் செய்திகள் ஊருக்கு வந்தன. 1967-இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு விசாரித்து ராணுவ நிர்வாகத்தைக் கடுமையாகக் கண்டித்தது. அதன் பிறகு அறைக்குக் குரோமியம் பூசினார்கள். சிப்பாய்கள் படிப்பதற்காக வில் ஐஸ்னர் என்ற புகழ்பெற்ற சித்திரக் கதைக்காரரை வைத்துப் படக்கதை வடிவில் ஒரு கையேடு போட்டார்கள். கடைசியில் பின்கட்டையிலும் ஒரு சின்னக் கதவு வந்தது. அவ்வளவு பெரிய தேசம், அவ்வளவு பணம். எங்கள் ஹவில்தாரைக் கேட்டிருந்தால் ஒரு டீக்குச் சொல்லியிருப்பார்!

இனி நம் ஊர்க் கதை. 1962-இல் நம் ஜவான்கள் இதே .303-ஐ வைத்துக்கொண்டு இமயமலையில் சீனரை எதிர்கொண்டார்கள். ஒவ்வொரு குண்டுக்கும் கையால் போல்ட்டை இழுக்க வேண்டிய துப்பாக்கி. அதன் பிறகு வந்தது எஸ்.எல்.ஆர். எனப்பட்ட 7.62 மி.மீ. ரைஃபிள். பிரிட்டிஷ் மாடலை ஒட்டி இங்கேயே செய்தது, பெயர் 1-ஏ. பிரிட்டிஷ் மாடலிலிருந்து அது வேறுபடும் இடங்களில் ஒன்று இந்தக் கட்டைதான். நம்மவர்கள் மரக்கட்டையின் முனையில் பழைய லீ-என்ஃபீல்டின் தகட்டையே பொருத்தினார்கள், கதவோடு, எண்ணெய்க் குப்பிக்கும் புல்-த்ரூவுக்கும் இடத்தோடு. இந்த வகைத் துப்பாக்கியில் சுருள்வில் ஒன்று கட்டைக்குள் ஓடும், லீ-என்ஃபீல்டு போல உள்ளே இடம் சும்மா கிடக்காது. இருந்தும் விடவில்லை. சிக்கனம் என்று சிலர் சொல்லலாம். சிப்பாயின் கை பழகிய இடத்தை மாற்றக் கூடாது என்று ஒருவர் நினைத்திருக்கிறார் என்றுதான் எனக்குப் படுகிறது.

1966-இல் திருச்சிக்குத் துப்பாக்கித் தொழிற்சாலை வந்தது, நவல்பட்டுப் பக்கம். அந்த எஸ்.எல்.ஆர். அங்கேயும் தயாரானது. கொள்ளிடத்துக்கு வடக்கே நாங்கள் கல்லூரிக்காகப் பழைய ரைஃபிளின் கதவை நெம்பிக் கற்ற வித்தைக்கு, காவிரிக்குத் தெற்கே புதிய துப்பாக்கியில் வேலை இருந்தது என்பதில் எனக்கு இன்றும் ஒரு சந்தோஷம். 2021 அக்டோபரில் அந்தத் தொழிற்சாலை ஏ.டபிள்யூ.ஈ.ஐ.எல். என்ற அரசு நிறுவனத்தின் கீழ் போயிற்று. இப்போது அங்கே 'திருச்சி அசால்ட் ரைஃபிள்' செய்கிறார்கள், ஏ.கே. வகை. ஏ.கே.யிலும் மரக்கட்டை மாடல்களில் இதே ஏற்பாடு உண்டு. விரலால் மூடியை அமுக்கினால் சுருள்வில் தள்ளி ஒரு உலோகக் குழல் வெளியே வரும். பிரஷ், ஊசி, திருப்புளி எல்லாம் அதற்குள். குழலே துடைப்புக் கம்பிக்குக் கைப்பிடியும் ஆகும். மடக்குக் கட்டை மாடல்களில் குடைய மரமே கிடையாது, அதனால் சாமான் இடுப்புப் பைக்குப் போய்விட்டது.

.303-ஐ ராணுவம் கைவிட்ட பிறகும் போலீஸ்காரர்கள் நெடுநாள் வைத்திருந்தார்கள். உத்தரப் பிரதேசப் போலீசார் 2020 ஜனவரி 26 குடியரசு தின அணிவகுப்பில்தான் அதைக் கடைசியாகத் தோளில் ஏந்தி வழியனுப்பினார்கள்.