குழாயின் கடைமடை



இரட்டைமலை சீனிவாசன் நினைவாக நடக்கும் இந்தக் கூட்டத்தில் குடிநீர்க் குழாயைப் பற்றிப் பேசப்போகிறோம் என்றதும், இலக்கிய மன்றத்தில் குழாய்க்கு என்ன வேலை என்று நண்பர்கள் சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். நாம் யாரை நினைவுகூரக் கூடியிருக்கிறோமோ, அவரே சட்டமன்றத்தில் தண்ணீரைப் பற்றிப் பேசியவர் என்பதுதான் நமது பதில். பொதுப் பாதைகள், பொதுக் கிணறுகள், குளங்கள், அரசு அலுவலகங்கள் எல்லாம் எல்லாச் சாதியாருக்கும் திறந்திருக்க வேண்டும் என்று அவர் கொண்டுவந்த தீர்மானம் 1924 ஆகஸ்டில் சென்னை சட்டமன்றத்தில் நிறைவேறியது. அடுத்த மாதமே அரசாணையும் வந்தது. நூறாண்டு கடந்துவிட்டது. அந்தத் தீர்மானம் நம் காவிரிப் படுகையில் எதுவரை வந்து சேர்ந்திருக்கிறது என்று பார்ப்பதே இந்த உரையின் நோக்கம்.

தஞ்சையில் தண்ணீரைப் பற்றிப் பேசினால் ‘கடைமடை’ என்ற சொல் வராமல் இருக்காது. ஜூன் 12 அன்று மேட்டூர் திறந்தால், கடைமடைக்குத் தண்ணீர் வந்ததா என்பதுதான் படுகை முழுக்கக் கேட்கும் கேள்வி. தலைமடையில் இருப்பவன் எடுத்துக்கொண்டதுபோக மிச்சம் கிடைப்பவன் கடைமடைக்காரன். வயலுக்கு இருக்கும் இந்தக் கடைமடை குழாய்க்கும் இருக்கிறது. ஆனால் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அந்தக் கடைசி முனையில் இருப்பது பெரும்பாலும் நம் தெரு.

கல்லில் பதிந்த பிரிவினை

தஞ்சைப் பெரிய கோயிலுக்கு விடப்பட்ட ஊர்களின் பட்டியல் அந்தக் கோயிலின் கல்லிலேயே இருக்கிறது. ஒவ்வொரு ஊரிலும் வரியில்லாத நிலம் எது என்று அதில் கணக்கெழுதியிருக்கிறார்கள். ஊர் நத்தம், கோயில், குளம், ஊரை ஊடறுத்துப் போகும் வாய்க்கால் என்று வரும் அந்தக் கணக்கில் பறைச்சேரி தனியாக வருகிறது. சில ஊர்களில் ‘தீண்டாச்சேரி’ என்ற பெயரே வருகிறது. சுடுகாடுகூட சாதிவாரியாகப் பிரிந்திருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய வருவாய்க் கணக்கு இது. சேரி எங்கே இருக்க வேண்டும், குளம் எங்கே இருக்க வேண்டும் என்பதை முடிவுசெய்துவிட்டுத்தான் அந்த அரசு நிலத்தை அளந்திருக்கிறது.

அந்த வாய்க்காலைத் தூர்வாரியது யார்? மடையைத் திறந்து அடைத்தது யார்? வெள்ளத்தில் உடைந்த கரையை இராத்திரியில் நின்று கட்டியது யார்? நம் முன்னோர். வயலுக்குப் போகும் தண்ணீரில் இடுப்பளவு நின்று வேலை செய்யலாம். அதில் தீட்டு இல்லை. குடிக்கும் தண்ணீரில் குடத்தை விட்டால் தீட்டு. ஊர்க்கிணற்றின் ஓரம் குடத்தை வைத்துவிட்டு, யாராவது வந்து ஊற்றுவார்களா என்று காத்துநின்ற பாட்டிமார்களின் கதையைக் கேட்டு வளராதவர் இந்த அரங்கில் சிலரே இருப்பர்.

பண்ணையாள் எதிர்த்துப் பேசினால் சவுக்கடி, சாணிப்பால். மாட்டுச் சாணியைக் கரைத்துக் குடிக்கவைப்பதை ஒரு தண்டனையாக வைத்திருந்த நாடு இது. பி. சீனிவாசராவும் அவருடன் நின்ற விவசாயத் தொழிலாளரும் செங்கொடியின் கீழ்ப் போராடி, 1944-ல் மன்னார்குடி ஒப்பந்தத்தின் வழியாக அதற்கு முடிவு கட்டினார்கள். என்ன குடிக்க வேண்டும் என்பதையும் ஆண்டையே தீர்மானித்த காலம் நம் தாத்தாக்களின் காலம்தான்.

திறக்காத கிணறும் தனிக்கிணறும்

1923-ல் பம்பாய் சட்டமன்றத்தில் போலே கொண்டுவந்த தீர்மானமும் 1924-ல் சென்னையில் சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானமும் பொதுச் சொத்து என்ற ஒரே தர்க்கத்தில் நின்றன. பொதுப்பணத்தில் கட்டிக் காக்கப்படுவது பொதுமக்கள் எல்லாருக்கும் சொந்தம். யார் மனமிரங்கியும் தரவேண்டியதில்லை. அரசமைப்பின் 15(2) பிரிவில் கிணறு, குளம், படித்துறை என்று வரிசையாக எழுதியபோதும் இதே அடிப்படைதான் இருந்தது.

காகிதத்தில் திறந்த கிணறு தரையில் திறக்கவில்லை. மகாடு நகராட்சி 1924-லேயே சவுதார் குளத்தைத் திறந்துவிட்டதாகத் தீர்மானம் போட்டது. ஆனாலும் 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு நடந்துபோய் அந்தத் தண்ணீரை அள்ளிக் குடிக்க வேண்டியிருந்தது. அதற்கும் அடி விழுந்தது. குளத்துக்குத் தீட்டுக் கழித்தார்கள். வழக்கு பத்தாண்டு நடந்து 1937-ல்தான் உயர் நீதிமன்றத்தில் முடிந்தது.

நம் மாகாணத்தில் அரசு வேறொரு வழியைப் பிடித்தது. 1920 தொடங்கி தொழிலாளர் துறை மூலம் ‘ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு’ மனைகள் ஒதுக்கியது, தனிக்கிணறுகள் வெட்டியது. அந்தக் கிணறுகள் பல உயிர்களைக் காப்பாற்றியிருக்கின்றன; அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் தனிக்கிணறு வந்ததும் ஊர்க்கிணற்றைத் திறக்க வேண்டிய அவசியம் அரசுக்கு இல்லாமல் போயிற்று. தனிக்கிணறுக்குப் பின் தனி அடிபம்பு, அதற்குப் பின் தனி மேல்நிலைத் தொட்டி. ஒவ்வொரு தலைமுறையிலும் நமக்குத் தண்ணீர் வந்தது. கூடவே பிரிவினையும் வந்தது.

கொள்ளிடத்திலிருந்து நம் வாசல்வரை

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் 1971-ல் உருவானது. கடலோரத்தில் நிலத்தடி நீர் உப்பாக இருப்பதால், கொள்ளிடம் ஆற்று மணலில் கிணறு இறக்கி, அங்கிருந்து நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம்வரை கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் தண்ணீர் கொண்டுபோகிறார்கள். 2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டம், ஒவ்வொரு கிராமத்து வீட்டுக்கும் குழாய், ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று இலக்கு வைத்தது. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 275 லிட்டர். பதினைந்து லிட்டர் குடத்தில் ஏறத்தாழ 18 குடம்.

இனி யாரும் யார் கிணற்றையும் தொடவேண்டியதில்லை; பிரச்சினை தீர்ந்தது என்று சொல்கிறார்கள். குழாய் எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். மேல்நிலைத் தொட்டியின் உயரம்தான் தண்ணீருக்கு வேகம் தருகிறது. தொட்டியிலிருந்து விலக விலக, ஒவ்வொரு இணைப்பிலும் அந்த வேகம் குறைகிறது. நடுவில் யாராவது குழாயில் நேராக மோட்டாரை மாட்டி உறிஞ்சினால் கடைசி வீட்டுக்குக் காற்றுதான் வரும். தொட்டியை எங்கே கட்டுவது, எந்தத் தெருவுக்கு எத்தனை அங்குலக் குழாய், எந்த வால்வை முதலில் திறப்பது, எத்தனை மணிக்கு அடைப்பது என்ற முடிவுகள் எல்லாம் ஊராட்சியில் எடுக்கப்படுபவை. காலனி ஊருக்கு வெளியே இருக்கிறது. ஆகவே குழாயும் கடைசியாகத்தான் அங்கே போகிறது. யாரும் சாதிப்பெயர் சொல்லவேண்டியதில்லை. ஆயிரம் ஆண்டுக்கு முன் சேரியை வைத்த இடமே இன்று குழாயின் கடைமடையைத் தீர்மானித்துவிடுகிறது.

தண்ணீரின் தரமும் இதே வழியில்தான் போகிறது. நாள் முழுதும் ஓடாமல் ஒரு மணி நேரம் மட்டும் தண்ணீர் விடும் குழாய், மற்ற நேரத்தில் காலியாகக் கிடக்கிறது. எங்காவது விரிசல் இருந்தால் பக்கத்துச் சாக்கடையை அது உள்ளே இழுக்கும். தொட்டியில் போட்ட குளோரின் போகும் வழியில் தீர்ந்துகொண்டே வரும். கடைசிக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் மிச்சமிருக்க வேண்டும் என்பது இந்தியத் தர அளவு. கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு நீராதாரமே இல்லாத இடத்தில்தான் 2000 வரை அனுமதி. சோதனைக்குத் தண்ணீரைத் தொட்டிக்கு அடியிலேயே பிடித்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். கடைசி வீட்டுக் குழாயில் பிடிக்க வேண்டும்.

ரசீதில் எழுதாத கணக்கு

கிராமங்களில் பெரும்பாலும் மீட்டர் கிடையாது. எல்லா வீட்டுக்கும் ஒரே மாதக் கட்டணம். பார்க்கச் சமத்துவம்போல் இருக்கும். ஒரு கணக்குப் போடுவோம். மாதம் 50 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தொட்டிக்குப் பக்கத்து வீட்டுக்கு ஒரு நாளைக்கு 500 லிட்டர் வருகிறது. கடைசி வீட்டுக்கு 100 லிட்டர். மாதத்தில் அங்கே 15,000, இங்கே 3,000. முதல் வீடு ஆயிரம் லிட்டருக்குக் கொடுப்பது மூன்றரை ரூபாய்க்கும் குறைவு. கடைசி வீடு கொடுப்பது பதினாறரைக்கும் மேல். அதுவும் போதாமல் 20 லிட்டர் கேனை 30 ரூபாய்க்கு வாங்கினால் ஆயிரம் லிட்டருக்கு 1,500 ரூபாய். தண்ணீர் குறையக் குறைய விலை ஏறுகிறது. அமெரிக்காவில் கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் ஃப்ளின்ட் நகரத்திலும் இதே கதைதான். 2014-ல் செலவைக் குறைக்க நீராதாரத்தை மாற்றினார்கள். பழைய குழாய்களின் ஈயம் தண்ணீரில் கலந்தது. அந்தத் தண்ணீருக்கும் மக்களுக்குப் பில் வந்துகொண்டிருந்தது.

ஆனாலும் ரசீதை நாம் வெறுக்க வேண்டாம். பண்ணை நிலத்தில் குடிசை போட்டிருந்தவனை, கூலி கேட்டான் என்பதற்காக ஒரே இராத்திரியில் கிளப்பிவிட முடிந்த மாவட்டம் இது. கூலி கேட்டதற்காக 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 உயிர்களை எரித்தார்கள். 1971-ல் வந்த குடியிருப்பு மனை உரிமைச் சட்டம்தான் குடிசை இருந்த மண்ணை உழைப்பாளிக்குச் சொந்தமாக்கியது. மனை இருந்தால்தான் வீட்டு வரி. வீட்டு வரி ரசீதைக் காட்டினால்தான் குழாய் இணைப்பு என்பது உள்ளாட்சிகளின் வழக்கம். அதனால் அந்தச் சின்னக் காகிதத்தின் பின்னால் ஒரு நிலப் போராட்டமே இருக்கிறது. சீனிவாசனின் தர்க்கமும் அதில்தான் இருக்கிறது. பொதுப்பணத்தில் நம் பணமும் இருக்கிறது என்பதற்கு அது சாட்சி. வரி கட்டுகிறவன் கணக்குக் கேட்கலாம்.

தொட்டிக்குள்ளே

2022 டிசம்பர் 26 அன்று, தஞ்சையை அடுத்த புதுக்கோட்டை மாவட்டத்தின் வேங்கைவயலில், குழந்தைகள் நோயில் விழுந்த பிறகு, பட்டியல் சாதி மக்களின் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. 2025 ஜனவரியில் அதே குடியிருப்பைச் சேர்ந்த மூவர்மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ததாக அந்த அமைப்பு நீதிமன்றத்தில் சொன்னது. அந்த மக்கள் அதை ஏற்கவில்லை. தீர்ப்பு நீதிமன்றத்தின் வேலை. நாம் கேட்பது அதற்கு முந்தைய கேள்வி: ஒரு சிற்றூரில் இந்த மக்களுக்கென்று ஒரு தொட்டி ஏன் தனியாக நின்றது? ஊர் முழுக்க ஒரே தொட்டியில் குடித்தால், அதில் கைவைக்க நினைப்பவன் தன் வீட்டுக் குழந்தையையும் நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கும். பட்டியல் சாதியினர் குடிக்கும் நீரைக் கெடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் குற்றம். ஆனால் தனித்தொட்டி கட்டுவதைக் குற்றம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

காவிரி வழக்கில் 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம், பெங்களூருவின் குடிநீருக்கு 4.75 டிஎம்சி கூடுதலாக ஒதுக்கியது. ஒரு நகரத்தின் தாகத்தைக் கணக்கில் எடுக்க நாட்டின் உச்ச நீதிமன்றத்தால் முடிகிறது. ஊராட்சிக்குள் கடைசித் தெருவின் தாகத்தைக் கணக்கில் எடுக்கவைப்பது நம் கையில் இருக்கிறது.

மாணவ நண்பர்களே, தமிழ்நாட்டில் மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளன்று கிராம சபை கூடுகிறது. மகாடு நாளுக்கு இரண்டு நாள் கழித்து. இந்த முறை போகும்போது நான்கு கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள். நம் தெருவில் ஒரு குடம் நிரம்ப எத்தனை நிமிடம், ஊர்த்தெருவில் எத்தனை நிமிடம்? கடைசிக் குழாயில் குளோரின் சோதித்தது எப்போது, முடிவு எங்கே? தொட்டியைக் கழுவிய தேதி எது? கட்டிய பணத்துக்கு ரசீது எங்கே? குடத்தையும் கைக்கடிகாரத்தையும் வைத்து நீங்களே அளந்து, தேதிபோட்டு எழுதுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் பதியச் சொல்லுங்கள். நம்மைக் கடைசியில் வைத்த கணக்கைக் கல்லில் எழுதினார்கள். மாற்றுக் கணக்கை நாம் நோட்டுப் புத்தகத்தில் தொடங்குவோம்.

ஜெய்பீம்.