பாலத்துக்கு இந்தப் பக்கம்

சென்னை சென்ட்ரலில் 'ஹௌரா மெயில்' அறிவிப்பைச் சின்ன வயசிலிருந்தே கேட்டிருக்கிறேன். கொல்கத்தா போகிற ரயில், அவ்வளவுதான் தெரியும். முதல்முறை போய் இறங்கியபோதும் பாலத்தை ஒரு போட்டோ எடுத்துவிட்டு, டாக்சி பிடித்து ஹூக்ளியைத் தாண்டிவிட்டேன். இறங்கியது வேறொரு ஊரில் என்பது மண்டையில் ஏறவே இல்லை.

ஹௌரா தனி மாநகராட்சி. 2011 கணக்கெடுப்பில் பத்தே முக்கால் லட்சம் பேர், வெறும் ஐம்பது சொச்சம் சதுர கிலோமீட்டருக்குள்.

ரயில் ஏன் இந்தக் கரையிலேயே நின்றது? 1854-ல் கிழக்கிந்திய ரயில்வே இங்கிருந்து ஓடத் தொடங்கியபோது ஆற்றுக்குப் பாலமே கிடையாது. பிரிட்டிஷ் இந்தியாவின் தலைநகரம் அக்கரையில், தண்டவாளம் இக்கரையில், நடுவில் படகு. 1874-ல்தான் மிதவைப் பாலம் வந்தது. கப்பல் வந்தால் அதன் நடுப்பகுதியைத் திறந்து வழிவிடணும். அதுவரை வண்டிகள் காத்துக்கிடக்கும்.

அந்தத் தடைதான் இந்த ஊரை வளர்த்தது என்று நினைக்கிறேன். 1855-லேயே தண்டவாளம் ராணிகஞ்ச் நிலக்கரி வயல்களை எட்டிவிட்டது. எரிபொருள் வாசலுக்கே வருகிறது, துறைமுகம் எதிர்க்கரையில் இருக்கிறது. சணல் ஆலைகள், வார்ப்படப் பட்டறைகள், லேத் கடைகள் என்று கரை நிரம்பியது. 'கிழக்கின் ஷெஃபீல்டு' என்று பட்டமும் கிடைத்தது. 1943-ல் திறந்த இன்றைய பாலத்தில் 26,500 டன் எஃகு. நட்டு போல்ட் இல்லை, எல்லாமே ரிவெட்.

இந்த ஊர் செய்த இன்னொரு பொருளும் உலகத்தின் காலடியில் கிடக்கிறது. நியூயார்க் தெருக்களின் மேன்ஹோல் மூடிகளில் 'மேட் இன் இந்தியா' என்று இருக்கும். அவற்றில் பல ஹௌராவில் வார்த்தவை. 2007-ல் நியூயார்க் டைம்ஸில் படங்கள் வந்தன: செருப்பில்லாத கால்கள், வெற்றுடம்பு, பக்கத்தில் உருகிய இரும்பு. அதற்குப் பிறகுதான் மூடி வாங்கும் மின் நிறுவனம், ஒப்பந்தத்தில் பாதுகாப்பு விதிகளைச் சேர்ப்பதாகச் சொன்னது. மூடியில் நாட்டின் பெயர் இருந்தது. ஊரின் பெயரோ வார்த்தவரின் பெயரோ இல்லை.

2013-ல் மாநிலத் தலைமைச் செயலகமே ஹௌராவின் நபன்னா கட்டடத்துக்கு வந்தது. 2024-ல் ஆற்றுக்கு அடியில் மெட்ரோ. தலைநகரம் இவ்வளவு பக்கத்தில் வந்தும் பழக்கம் மாறவில்லை.

இரண்டாம் முறை போனபோது பெலிலியஸ் ரோட்டில் நடந்தேன். ஒரு லேத் கடை வாசலில் நின்று, கொல்கத்தா பார்க்க வந்தேன் என்று அரைகுறை ஹிந்தியில் சொன்னேன். அந்தப் பெரியவர் வேலையை நிறுத்தாமல், கிரீஸ் படிந்த கையை ஆற்றுப் பக்கம் நீட்டினார்.

"அது அந்தப் பக்கம்."