தபாலில் போகும் பரிசோதனை பிறந்த கதை

1962ஆம் ஆண்டு. அமெரிக்காவின் பால்டிமோரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர் ஹ்யூ டேவிஸ் ஒரு புது வழி சொன்னார். திரவம் நிரப்பிய சிறு குழாயைப் பெண்களிடம் கொடுத்துவிடுவது. அவர்கள் வீட்டிலேயே பிறப்புறுப்பின் உட்புறத்தைக் கழுவி, அதே திரவத்தை உறிஞ்சித் தபாலில் அனுப்புவார்கள். கருப்பைவாய்ப் புற்றுநோய்ச் சோதனைக்கு ஆஸ்பத்திரிப் படி ஏற வேண்டாம்.

யோசனை நல்லது, ஆனால் நிலைக்கவில்லை. அன்றைய பாப் ஸ்மியர் சோதனையில் செல்லின் உருவத்தைப் பார்த்துத்தான் முடிவு சொல்வார்கள். அதற்குக் கருப்பை வாயிலிருந்தே சுரண்டிய செல்கள் வேண்டும். கழுவிய நீரில் வந்தவையோ தானாக உதிர்ந்தவை.

திருப்பம் 1983இல் வந்தது. இந்தப் புற்றுநோய்க்கு முக்கியக் காரணமான எச்.பி.வி. 16 வைரஸை ஜெர்மனியில் ஹரால்டு சூர் ஹவுசன் குழு கண்டறிந்தது. அதே ஆண்டு அமெரிக்காவில் காரி முல்லிஸ், மரபணுத் துணுக்கைப் பல கோடியாகப் பெருக்கும் பி.சி.ஆர். முறையை வகுத்தார். கொரோனா காலத்தில் நமக்குப் பழகிய அதே பி.சி.ஆர்.தான். இனி செல்லின் உருவம் தேவையில்லை, வைரஸின் மரபணு கிடைத்தால் போதும். பிறப்புறுப்பில் துடைத்தெடுத்த பஞ்சுக் குச்சியிலும் அது கிடைக்கும். செல் சிதைந்தாலும் தாங்கும்.

பெண் சரியாக எடுத்தாளா என்பதற்கும் வழியுண்டு. பல சோதனைகள் மனித மரபணு ஒன்றையும் சேர்த்தே தேடுகின்றன. அது இல்லையென்றால் ‘நோயில்லை’ என்று சொல்லாமல், மறுபடி மாதிரி கேட்கிறார்கள்.

2018இல் ஆய்வாளர் மார்க் ஆர்பின் குழு 56 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. பி.சி.ஆர். வகைச் சோதனையில், பெண் தானே எடுத்த மாதிரி மருத்துவர் எடுத்ததற்கு ஈடாக இருந்தது. வேறு வகைச் சோதனைகளில் அந்த ஈடு இல்லை. 2021இல் உலக சுகாதார நிறுவனமும் தானே மாதிரி எடுப்பதை ஏற்றது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு ஆஸ்பத்திரி என்றால் ஒரு நாள் கூலி போகும். கூச்சம் வேறு. முப்பது வயது தாண்டிய அவளுக்கு இந்தக் குச்சி போய்ச் சேர வேண்டும். திருவள்ளூர் மாவட்டத்தில் வீட்டுக்கே வரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர்கள் கையில் கொடுத்தால் தபால்கூட வேண்டாம்.

ஆனால் குச்சி மட்டும் போதாது. மராட்டியத்தின் உஸ்மானாபாத்தில் நடந்த ஆய்வு 2009இல் வெளியானது. அங்கே ஊழியர்கள் எடுத்த மாதிரியில் ஒரே ஒரு முறை எச்.பி.வி. சோதனை செய்தே இந்தப் புற்றுநோய்ச் சாவு பாதியாகக் குறைந்தது. வைரஸ் தென்பட்டவர்களை அழைத்துச் சிகிச்சை தந்ததும் அதற்குக் காரணம். வைரஸ் இருந்தாலே புற்றுநோய் என்று பொருளில்லை, மேல்சோதனை வேண்டும். அந்த அழைப்பையும் மேல்சோதனைக்கான சம்பள விடுப்பையும் உறுதி செய்த பிறகே அவள் கையில் குச்சியைக் கொடுக்க வேண்டும்.