சகபிரயாணியின் சம்மதம்

திண்டிவனத்திலிருந்து மரக்காணத்துக்குப் போகும் சாலையில் பெருமுக்கல் என்று ஓர் ஊர் இருக்கிறது. சரித்திரப் பிரியர்களுக்குத் தெரிந்த ஊர்தான். வந்தவாசிச் சண்டை நடந்த அதே 1760-ஆம் வருஷத்தில், ஐர் கூட் என்ற இங்கிலீஷ்த் தளபதி இந்த ஊர் மலைக்கோட்டையைப் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பிடித்தான். இங்கிலீஷ்காரர்கள் தங்கள் வாய்க்கு வந்தபடி 'பெர்மகோயில்' என்று எழுதி வைத்ததால், அவர்கள் சரித்திரத்தைப் படிக்கிற நம்மவர்களுக்கு அது நம் பெருமுக்கல்தான் என்று சட்டென்று தெரிவதில்லை.

அது நிற்க. நான் சொல்ல வந்தது கோட்டைச் சண்டையைப் பற்றி அல்ல. கோட்டைக்குக்கூட மதில் என்று ஒன்று கண்ணுக்குத் தெரியும். இப்போது அந்த ஊரிலே, நம் எல்லோருடைய ஊரிலேயும்தான், கண்ணுக்கே தெரியாத ஓர் எல்லைக்கோடு போடப்பட்டிருக்கிறது. மரக்காணத்து உப்பளத்துக்கு வேலைக்குப் போகிற ஒருவர் வெட்டவெளியில் நின்று பீடி பற்ற வைத்தால் 2003-ஆம் வருஷத்துப் புகையிலைச் சட்டம் அவரை ஒன்றும் கேட்பதில்லை. அதே பீடியோடு பத்தடி நடந்து பஸ் நிறுத்தத்துக்கு வந்துவிட்டாரோ, குற்றவாளி! டீக்கடைக்குள் போய் உட்கார்ந்தாலும் அப்படியே. அபராதம் இருநூறு ரூபாய் வரை என்பது அந்தச் சட்டத்தில் கண்ட கணக்கு. இந்தக் கோடு எப்படி வந்தது, யாருக்காக வந்தது என்பது ருசிகரமான கதை.

புகையிலை நமக்குப் பரம்பரைச் சொத்து அல்ல. போர்ச்சுக்கீசியர்கள் கொண்டுவந்து கொடுத்தது. ஆனால் வந்த விருந்தாளியை நாம் வீட்டுப் பிள்ளையாகவே வளர்த்துவிட்டோம். சீனிச்சர்க்கரைப் புலவர் புகையிலையைத் தூது அனுப்பி ஒரு பிரபந்தமே பாடினார், உ. வே. சாமிநாதய்யர் அதைத் தேடிப் பதிப்பித்தார். நம்முடைய 'சுருட்டு' என்ற சொல் கப்பலேறிப் போய் இங்கிலீஷ் அகராதியிலே 'செரூட்' என்று குடியேறிற்று. 1887-ல் வெளியான முதல் ஷெர்லக் ஹோம்ஸ் கதையில், கொலைகாரன் பிடித்தது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று துப்பறிவாளர் சாம்பலைப் பார்த்தே சொல்லிவிடுகிறார். உறையூர்க்காரர்கள் இதற்காகப் பெருமைப்படலாமா கூடாதா என்று எனக்கு இன்னும் நிச்சயமாகவில்லை.

புகைப்பதைப் பற்றி நம் ஊரில் சட்டம் வருவதற்கு முன்பே ஒரு வழக்கம் இருந்தது. பெரியவர் எதிரே வந்தால் பீடியைப் பின்னுக்கு மறைத்துக்கொள்வது. அப்பாவோ, வாத்தியாரோ, ஊர்ப் பெரிய தனக்காரரோ தலை காட்டினால் விரல் சுட்டாலும் சரியென்று உள்ளங்கைக்குள்ளே நெருப்பை அடக்கிக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். பார்ப்பதற்கு இது எவ்வளவு அழகான பண்பாடு! சற்று யோசித்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும். அந்த மரியாதை பெரியவருடைய அந்தஸ்துக்கு. அவருடைய மூச்சுக்கு அல்ல. அவர் தெருமுனை திரும்பியதும், மடியில் கிடக்கிற குழந்தையின் முகத்துக்கு நேரே அதே பீடி மறுபடியும் உயிர் பெற்றுவிடும். சின்னவர்களுக்கு முன்னால் மறைக்க வேண்டும் என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

ராஜாக்களும் இதைத் தடுத்துப் பார்த்தார்கள். ஜஹாங்கீர் 1617-ல் புகை பிடிக்கக்கூடாது என்று உத்தரவு போட்டார். பாரசீகத்தில் ஷா அப்பாஸும் தடை விதித்திருந்தார். ஜஹாங்கீர் அங்கே அனுப்பிய தூதர் கான் ஆலம் என்பவருக்கோ ஒரு நிமிஷம்கூடப் புகையில்லாமல் இருக்க முடியாது. என்ன செய்வது? ஷா அவருக்கு மட்டும் விலக்கு அளித்தார், அதுவும் ஒரு கவிதை எழுதி! ஜஹாங்கீரே இதைத் தம் நினைவுக் குறிப்பிலே எழுதி வைத்திருக்கிறார். இந்தக் கான் ஆலம் சாகிபை வாசகர்கள் கொஞ்சம் நினைவில் வைத்திருக்க வேண்டும். அவர் மறுபடியும் வருவார்.

நம் நாட்டில் புகைக்கிறவனுக்கும் பக்கத்தில் இருக்கிறவனுக்கும் இடையே முதன்முதல் வந்து நின்ற சட்டங்களில் ஒன்று ரயில்வேச் சட்டம். 1890-ல் இயற்றியது, நூற்றுப் பத்தாவது பிரிவு. ரயில் பெட்டியில் சகபிரயாணிகளின் சம்மதம் இல்லாமல் ஒருவன் புகைத்தால் இருபது ரூபாய் வரை அபராதம்; எச்சரித்தும் கேட்காவிட்டால் வண்டியிலிருந்து இறக்கிவிடலாம். அந்தக் காலத்து இருபது ரூபாய் என்றால் சாமான்யமா! ஆனால் சட்டத்தின் சூட்சுமம் தொகையில் இல்லை. 'சம்மதம்' என்ற ஒரு சொல்லில் இருக்கிறது. சகபிரயாணி சம்மதித்தால் புகைக்கலாம். பேஷான ஏற்பாடு, கேட்பதற்கு நாகரிகமாகவும் இருக்கிறது.

மூன்றாம் வகுப்புப் பெட்டியிலே இந்தச் சம்மதம் எப்படிக் கிடைத்தது? யாரும் கேட்கவுமில்லை, யாரும் கொடுக்கவுமில்லை. மூன்றாம் வகுப்பிலே போய்ப் பார்த்த காந்திஜி, ஜனங்கள் கண்ட நேரத்திலும் கண்ட இடத்திலும் புகைப்பதைச் சுயசரிதையில் வருத்தத்தோடு குறித்திருக்கிறார். கைக்குழந்தையோடு ஜன்னல் ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கும் ஒரு பெண், எதிரே முறுக்கு மீசையோடு சுருட்டுப் பிடிக்கும் ஆசாமியைப் பார்த்து, "ஐயா, எனக்குச் சம்மதம் இல்லை; நூற்றுப் பத்தாவது பிரிவு உமக்குத் தெரியுமா?" என்று கேட்டிருப்பாளா? முந்தானையால் குழந்தையின் முகத்தை மூடிக்கொண்டிருப்பாள். அந்த மௌனமே சம்மதமாகிவிட்டது. நூறு வருஷம் இப்படிப் போயிற்று. நான் சின்ன வயதில் ஏறிய பஸ்களிலும் 'புகை பிடிக்காதீர்கள்' என்று எழுதியிருந்தது. அந்த எழுத்துக்கு அடியிலேயே உட்கார்ந்து ஊதியவர்கள் உண்டு. "கொஞ்சம் அணையுங்களேன்" என்று சொல்ல ஒரு தைரியசாலி வேண்டியிருந்தது. தைரியசாலி அன்றைக்கு அந்த பஸ்ஸில் ஏறாவிட்டால் சட்டமும் ஏறாது.

புகைக்கிறவனுக்குத்தானே கெடுதல், பக்கத்திலிருப்பவனுக்கு வெறும் நாற்றம்தானே என்ற எண்ணத்துக்கு 1981-ல் ஒரு பெரிய அடி விழுந்தது. ஹிராயாமா என்ற ஜப்பானிய ஆராய்ச்சியாளர், தாங்கள் புகைக்காத 91,540 மனைவிமார்களைப் பல வருஷம் கணக்கெடுத்துப் பார்த்தார். புருஷன் அதிகம் புகைக்கிற வீட்டிலே மனைவிக்கு நுரையீரல் புற்றுநோய் அதிகமாக வருகிறது என்று சொன்னார். சிகரெட் கம்பெனிக்காரர்கள் அந்தக் கணக்கைக் குடைந்து குடைந்து பார்த்தார்கள். பிறகு வந்த ஆராய்ச்சிகளும் அவர் பக்கமே பேசின.

நம் நாட்டில் இந்த விவகாரத்தைக் கையில் எடுத்த மேல் கோர்ட்டு கேரளத்தினுடையது. வழக்குத் தொடுத்தவர்களில் ஒரு கல்லூரி ஆசிரியையும் உண்டு. 1999 ஜூலை 12-ஆம் தேதி, நீதிபதி நாராயண குரூப் அடங்கிய பெஞ்சு, பொது இடத்தில் புகைப்பது அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு கொடுக்கிற உயிர் வாழும் உரிமைக்கே விரோதம் என்று தீர்ப்புச் சொல்லிற்று. இதற்குத் துணையாக எதை எடுத்தார்கள் தெரியுமா? 1860-ஆம் வருஷத்து இந்தியத் தண்டனைச் சட்டத்தை! காற்றைக் கெடுத்துப் பிறர் ஆரோக்கியத்துக்குத் தீங்கு செய்தால் ஐந்நூறு ரூபாய் வரை அபராதம் என்று அதன் 278-வது பிரிவில் எழுதியிருந்தது. நூற்றி முப்பத்தொன்பது வருஷமாகக் கும்பகர்ணனைப் போலத் தூங்கிய பிரிவைத் தட்டி எழுப்பினார்கள். 2024-ல் அந்தத் தண்டனைச் சட்டம் முழுவதற்குமே ஓய்வு கொடுத்தாகிவிட்டது. ஆனால் ஓய்வு பெறுமுன் ஒரு நல்ல காரியம் செய்துவிட்டுத்தான் போயிற்று.

பிறகு காரியங்கள் வேகமாக நடந்தன. பம்பாய் முரளி தேவரா தொடுத்த வழக்கில் 2001 நவம்பர் 2-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், நூல்நிலையம், கோர்ட்டு, சர்க்கார் ஆபீஸ், பஸ், ரயில் எல்லாவற்றிலும் புகைப்பதைத் தடுத்தது. தமிழ்நாட்டுச் சட்டசபை புகைப்பதையும் துப்புவதையும் ஒரே முடிச்சாகப் போட்டு 2002-ல் சட்டம் செய்தது. மறுவருஷம் பார்லிமெண்டின் சட்டம். ஆனால் டீக்கடை வரைக்கும் அது நிஜமாக வந்து சேர்ந்தது 2008 அக்டோபர் 2-ஆம் தேதி, காந்தி ஜயந்தியன்று அமலுக்கு வந்த விதிகளால்தான். அவற்றைக் கொண்டுவந்த மத்திய சுகாதார மந்திரி டாக்டர் அன்புமணி ராமதாஸ். அவருடைய தந்தையார் டாக்டர் ராமதாஸ் பெருமுக்கலுக்குப் பக்கத்துத் திண்டிவனத்தில் வைத்தியம் பார்த்தவர். மந்திரி நாற்காலி டில்லியில் இருந்தாலும், நோயாளியின் இருமல் சத்தம் திண்டிவனத்துக் குடும்பத்துக்குப் பழக்கமானதுதான்.

இந்தச் சமயத்தில் நாட்டிலே நடந்த வாதப் பிரதிவாதத்தில் பாதி சினிமாவிலே வீணாயிற்று என்பது என் அபிப்பிராயம். 2002-ல் 'பாபா' படத்தில் ரஜினிகாந்த் புகைக்கலாமா என்று தகராறு. 2005-ல் திரையில் எவருமே புகைக்கக்கூடாது என்று மத்திய சர்க்கார் அறிவிப்பு. 2009-ல் டில்லி ஹைகோர்ட்டு அதைத் தள்ளுபடி செய்தது. திரையில் எழும்பும் புகை யார் மூக்கிலும் ஏறாது. டீக்கடைப் புகை ஏறும். ஆனால் டீக்கடையைப் பற்றிப் பேசினால் பத்திரிகையில் படம் போட முடியாதே!

எதிர்த்துப் பேசியவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. முப்பது அறையோ அதற்கு மேலோ உள்ள ஹோட்டலும், முப்பது பேரோ அதற்கு மேலோ உட்காரும் போஜனசாலையும், விமான நிலையமும் புகைக்கிறவர்களுக்குத் தனி இடம் ஒதுக்கலாம் என்று 2008 விதிகள் இடம் கொடுத்தன. ஆறு பேர் உட்காரும் கடைக்கு அந்தச் சலுகை இல்லை. கான் ஆலம் சாகிப் திரும்பி வந்துவிட்டார், பார்த்தீர்களா? அறுபது சென்டிமீட்டர் நீளமும் முப்பது சென்டிமீட்டர் அகலமும் உள்ள எச்சரிக்கைப் பலகை மாட்டவேண்டும், தீப்பெட்டி முதலிய சாதனங்கள் கொடுக்கக்கூடாது என்றும் விதி. அப்படியானால் கடைக் கம்பத்தில் கட்டி, நுனியிலே கனிந்துகொண்டிருக்கும் தேங்காய் நார்க்கயிறும் சட்டவிரோதமாகிறது. வேலூர்ப் பக்கமும் திருநெல்வேலிப் பக்கமும் மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றிக் குடும்பம் நடத்தும் ஸ்திரீகளின் கூலி என்னாகும் என்று கேட்டவர்களையும் நான் அலட்சியமாகச் சொல்லமாட்டேன். சட்டம் செய்தவர்கள் அதற்கு ஒழுங்கான பதில் சொல்லவில்லை.

இருந்தாலும் நான் அந்தச் சட்டத்தின் கட்சி. காரணம், ஜன்னல் ஓரத்துப் பெண்தான். அவள் வாய் திறக்கவேண்டும் என்ற நிபந்தனையை அது எடுத்துவிட்டது. அவள் சம்மதத்தை இனி யாரும் அவளுடைய மௌனத்திலிருந்து திருடிக்கொள்ள முடியாது.

பஸ்ஸைப் பொறுத்த வரையில் சரி. அவள் பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்குப் போகிறாளே? 2009-10-ல் சர்க்கார் எடுத்த கணக்கில், வீட்டிலே பிறர் புகைக்கு ஆளாகும் வயது வந்தவர்கள் நூற்றுக்கு 52 பேர். 2016-17-ல் அது 39-ஆகக் குறைந்திருந்தது. குறைந்தது சந்தோஷம்தான். ஆனால் ஹிராயாமா கணக்கெடுத்ததே வீட்டைத்தான்; பஸ்ஸை அல்ல.

எல்லைக்கோடு வீட்டில் எங்கே வருகிறது என்று ஒரு வக்கீல் நண்பரைக் கேட்டேன்.

"திண்ணையில் கடை வைத்தால் அது பொது இடம். கடை இல்லாவிட்டால் வீடு" என்றார்.

"கூடம்?"

"வீடு."

"சமையலறை? தொட்டில் கட்டியிருக்கிற இடம்?"

"அங்கெல்லாம் சட்டம் வராது, சார்" என்று சொல்லிவிட்டு, காபி ஆறிப்போகிறது, குடியுங்கள் என்றார். அவர் வீட்டில் யார் புகைப்பார்கள் என்று நான் கேட்கவில்லை.